கோப்பை கைக்கு எட்டட்டும்

2022 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. செங்கல்பட்டு மாவட்டம் பிறந்து மூன்று ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் உலக செஸ்ஸின் பழம்பெரும் கோப்பைக்கான பந்தயம் அதன் கடற்கரைக்கு வந்துவிட்டது. பொதுப் பிரிவில் 188 அணிகளும் பெண்கள் பிரிவில் 162 அணிகளும் ஆடின. இந்தியாவில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது அதுவே முதல் முறை. அத்தனை பெரிய விழாவில் ரசிகர் எதை அருகில் பார்த்தார், எதைப் பார்க்காமலே வீடு திரும்பினார் என்பது அலசிப் பார்க்க வேண்டிய விஷயம்.

மூன்று கோப்பைகள்

செஸ் ஒலிம்பியாடில் மூன்று சுழற்கோப்பைகள் உண்டு. பொதுப் பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு ஹாமில்டன்-ரசல் கோப்பை. ஃபிரடெரிக் ஹாமில்டன்-ரசல் என்ற ஆங்கிலேயர் கொடுத்தது இது. 1927-ல் லண்டனில் நடந்த முதல் ஒலிம்பியாடில் ஹங்கேரி இதை வென்றது. பெண்கள் பிரிவில் வேரா மென்சிக் கோப்பை. முதல் பெண் உலக சாம்பியனான வேரா மென்சிக் 1944-ல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் உயிரிழந்தவர். 1957-ல் நெதர்லாந்தின் எம்மனில் பெண்களுக்கான ஒலிம்பியாட் தொடங்கியபோது கோப்பை அவர் பெயரைத் தாங்கியது. மூன்றாவது, நோனா காப்ரின்டாஷ்விலி கோப்பை. கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணின் பெயரில் 1997-ல் ஏற்படுத்தப்பட்டது. இரு பிரிவுகளிலும் சேர்த்துச் சிறப்பாக ஆடும் நாட்டுக்கு இது போகும்.

வென்ற நாடு அடுத்த ஒலிம்பியாட் வரை கோப்பையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிறகு திருப்பித் தர வேண்டும். ஆக, இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் கோப்பைக்கு ஒரு நாடு வீடாகிறது. அந்த வீட்டில் அதை எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது என்பது வென்றவர் விருப்பம்.

ஒரு ஆட்டத்தில் தப்பிய கோப்பை

மாமல்லபுரம் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கிருந்து எடுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஏற்பாடுகளுக்குக் கிடைத்தது சுமார் நான்கு மாதம். போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியா ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை இறக்க முடிந்தது. அவற்றில் இளைஞர்கள் நிறைந்த இரண்டாவது அணிதான் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தது. குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சாத்வானி ஆகியோர் அதில் ஆடினர். முதல் எட்டு ஆட்டங்களையும் குகேஷ் வரிசையாக வென்றார்.

கோப்பை இந்த அணிக்கு எவ்வளவு நெருங்கி வந்தது என்பதைப் பத்தாவது சுற்று காட்டுகிறது. எதிரே உஸ்பெகிஸ்தான். முதல் பலகையில் குகேஷும் அப்துசத்தோரோவும். பிரக்ஞானந்தா சிந்தாரோவை வீழ்த்திவிட்டார், இரண்டு ஆட்டங்கள் டிரா. குகேஷ் டிரா செய்தாலே இந்தியா இரண்டரைக்கு ஒன்றரை என வென்றிருக்கும். அவரோ மேலோங்கியிருந்த நிலையில் வெற்றியைத் தேடினார். சாதகம் நழுவியது, கடைசியில் ஒரு தவறான நகர்வில் ஆட்டமே போனது. சுற்று 2-2 என முடிந்தது.

இறுதிப் பட்டியலில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளிகள், இந்தியா இரண்டாவது அணி 18. வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த ஒரு ஆட்டம் டிரா ஆகியிருந்து மற்றவை அப்படியே நடந்திருந்தால் இந்தியாவுக்கு 19, உஸ்பெகிஸ்தானுக்கு 18. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்று ஹாமில்டன்-ரசல் கோப்பையை எடுத்துச் சென்றது. இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

பெண்கள் பிரிவிலும் இதே கதைதான். கொனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி கொண்ட முதல் அணி கடைசிச் சுற்றுக்குப் போகும்போது முதலிடத்தில் இருந்தது. நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தும் ஹரிகா பலகையின் முன் உட்கார்ந்தார். கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் 1-3 எனத் தோற்றதால் தங்கம் உக்ரைனுக்குப் போனது, இங்கும் வெண்கலமே. இரு பிரிவுகளிலும் காட்டிய ஆட்டத்தின் பலனாக காப்ரின்டாஷ்விலி கோப்பை மட்டும் இந்தியாவில் தங்கியது.

ரசிகர் கண்டது ஜோதியை, தம்பியை

செஸ் அரங்கம் கிரிக்கெட் மைதானம் அல்ல. பார்வையாளர் கைபேசியை வெளியே விட்டுவிட்டு, ஓசையில்லாமல் தடுப்புக்கு இப்பால் நிற்க வேண்டும். ஆட்டத்தின் ஒழுங்கு அப்படி, அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அரங்குக்குள் வர முடியாத லட்சக்கணக்கானவர்களுக்கு ஒலிம்பியாட் எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது?

முதலாவது ஜோதி. செஸ் ஒலிம்பியாட் வரலாற்றில் முதல் முறையாக ஜோதி ஓட்டம் நடத்தப்பட்டது. 2022 ஜூன் 19 அன்று டெல்லியில் பிரதமரின் கையிலிருந்து விஸ்வநாதன் ஆனந்த் பெற்றுக்கொண்ட ஜோதி, சுதந்திரத்தின் 75-வது ஆண்டைக் குறிக்க 75 நகரங்களைச் சுற்றி மாமல்லபுரம் வந்து சேர்ந்தது. இரண்டாவது, தம்பி. வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற அந்தக் குதிரைமுகச் சின்னம் சாலையோரச் சிலையாகவும் ஆவின் பால் பாக்கெட்டின் மேல் படமாகவும் வீட்டுக்கு வீடு போனது. குழந்தைகள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டது அந்தத் தம்பியோடுதான். மூன்றாவது, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டப்பட்ட சென்னை நேப்பியர் பாலம். இவற்றோடு அரசுப் பள்ளிகளில் நடத்தப்பட்ட செஸ் போட்டிகளும் சேர்ந்துகொள்ள, ஊரெங்கும் செஸ் பேச்சாக இருந்தது.

இந்த வரிசையில் இல்லாத ஒன்றுதான் கோப்பை. நிறைவு விழா சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. வெற்றிக் கோப்பைகள் மேடையில் கைமாறின, வென்ற அணிகளோடு ஊர் சென்றன. பன்னிரண்டு நாள் எந்தக் கோப்பைக்காக ஆடினார்களோ, அதைப் பூஞ்சேரிப் பிள்ளைகள் அறிந்தது தொலைக்காட்சியிலும் நாளிதழ்ப் படத்திலும்தான்.

ஸ்டான்லி கோப்பை காட்டும் வழி

ரசிகருக்கும் கோப்பைக்கும் உள்ள உறவில் உலகத்துக்கே முன்னோடி வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் கொடுத்த கோப்பை 1893-லிருந்து வழங்கப்படுகிறது. மேலே ஒரு கிண்ணம், கீழே வளையம் வளையமாக உயரும் பீப்பாய் வடிவம். உயரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர், எடை பதினைந்தரை கிலோ. வென்ற அணியின் வீரர்கள் பெயர் ஒவ்வொன்றாக வளையத்தில் பொறிக்கப்படுகிறது. இடம் நிரம்பியதும் மிகப் பழைய வளையம் கழற்றப்பட்டு டொராண்டோவில் உள்ள ஹாக்கி புகழரங்கத்துக்குப் போகிறது, புது வளையம் ஏறுகிறது.

வென்ற அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தக் கோப்பை ஒரு நாள் சொந்தம். 1995-லிருந்து இது முறையான வழக்கம். வீரர் அதைத் தன் சொந்த ஊருக்கே கொண்டுபோவார். பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், தான் முதன்முதலில் பனிச்சறுக்குக் காலணி கட்டிய ஆடுகளம் என்று ஊர் முழுக்கச் சுற்றும். கிண்ணத்தில் கைக்குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள், அதிலேயே காலை உணவு சாப்பிடுவார்கள், அதில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளும் உண்டு. 2007-ல் ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் இருந்த கனடிய வீரர்களிடமும் அது போய் வந்தது.

இப்படி ஊர் ஊராகப் போகும் பொருளுக்கு ஒரு காவலர் வேண்டும். புகழரங்கத்தின் ஊழியர் ஒருவர் எப்போதும் உடன் செல்கிறார். விழா மேடைக்கு அதை எடுத்து வரும்போது அவர் கையில் வெள்ளைக் கையுறை இருக்கும். ரசிகருக்கோ எந்த உறையும் வேண்டாம். டொராண்டோ நகர மையத்தில், 1885-ல் கட்டப்பட்ட பழைய வங்கிக் கட்டடத்தில் உள்ள புகழரங்கத்தில், நுழைவுச்சீட்டு வாங்கிய யாரும் அருகில் போய்த் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். அந்த மாநகரிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் ஈழத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உலகின் மிகப் புகழ்பெற்ற கோப்பைகளில் ஒன்று ரயிலேறிப் போய்த் தொடும் தூரத்தில் இருக்கிறது.

தொடாமல் நின்ற கை

ஐஸ் ஹாக்கி வீரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. வெல்லாதவன் ஸ்டான்லி கோப்பையைத் தொடக் கூடாது, தொட்டால் அது கிடைக்காது. சிறுவயதில் பக்கத்தில் கண்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்ட வீரர்கள் பலர்.

அதற்கு நெருக்கமான காட்சி தமிழ்நாட்டு வீரர் ஒருவரிடமும் தெரிந்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என வென்று குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். பரிசளிப்புக்கு முன்பே கோப்பையை அருகில் பார்க்கும் வாய்ப்பு வந்தது. பட்டம் அவருடையது, கோப்பையும் அவருடையதுதான். ஆனாலும் குனிந்து பார்த்தார், தொடவில்லை. விழாவில்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். பொருளுக்கு மரியாதை தரும் இந்தப் பண்பை ஐஸ் ஹாக்கி ரசிகர் யாரும் உடனே புரிந்துகொள்வார். அந்தக் கோப்பையோடு அவர் சென்னை வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் திரண்ட கூட்டத்தின் கண்கள் குகேஷை எவ்வளவு தேடினவோ, அவ்வளவு அவர் கையில் இருந்ததையும் தேடின.

காணாமல் போன பரிசு

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட் நடக்கும்போது ஒரு வேதனையான செய்தி வெளியானது. 2022-ல் இந்தியா வென்ற காப்ரின்டாஷ்விலி கோப்பையைத் திருப்பித் தர வேண்டிய நேரத்தில் அதைக் காணவில்லை. தேடியும் கிடைக்காமல் விஷயம் காவல்துறை வரை போனது. மாமல்லபுரத்தில் வியர்வை சிந்தி வென்ற ஒரே கோப்பை அது.

அதே புடாபெஸ்டில் இந்தியா பொதுப் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் முதல் முறையாகத் தங்கம் வென்றது. குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி, அணித்தலைவராக இருந்த ஸ்ரீநாத் நாராயணன் என வெற்றியில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. மாமல்லபுரத்தில் ஒரு ஆட்டத்தில் கைநழுவிய ஹாமில்டன்-ரசல் கோப்பையும், கடைசிச் சுற்றில் தவறிய வேரா மென்சிக் கோப்பையும் ஒருசேர இந்தியாவுக்கு வந்தன. காப்ரின்டாஷ்விலி பரிசையும் இந்தியாவே மறுபடி வென்றது.

தொலைந்த கோப்பையும் ஸ்டான்லி கோப்பையும் சொல்லும் பாடம் ஒன்றுதான். பத்துப் பேர் மட்டும் அறிந்த அலமாரியில் இருக்கும் பொருள் எப்போது போனது என்பதே தெரியாது. ஊரறிய உலவும் பொருளை ஒவ்வொரு வாரமும் ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டான்லி கோப்பை அடிபட்டிருக்கிறது, நசுங்கியிருக்கிறது. 1924-ல் மாண்ட்ரியல் வீரர்கள் கார் டயர் மாற்ற இறங்கிய இடத்தில் அதைச் சாலையோரம் மறந்துவிட்டுப் போனார்கள் என்றும் சொல்வார்கள். திரும்பிப் போனபோது விட்ட இடத்திலேயே இருந்ததாம். இத்தனை ஊர்சுற்றிய பிறகும் அது பத்திரமாக இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல

கோப்பையை மக்களிடம் கொண்டுபோகும் வழக்கம் இங்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் ஹாக்கி நடந்தபோது, ‘பாஸ் தி பால்’ என்ற பெயரில் கோப்பை தமிழ்நாட்டு மாவட்டங்களைச் சுற்றி வந்தது. இறுதியில் மலேசியாவை 4-3 என வென்று இந்தியா தூக்கியது அதே கோப்பையைத்தான். ஆனால் இத்தகைய சுற்று போட்டிக்கு முன்பு, விளம்பரத்துக்காக நடப்பது. வென்ற பின் வீரரோடு ஊர் திரும்பும் வழக்கம் இன்னும் இங்கே வரவில்லை. ஸ்டான்லி கோப்பையின் சிறப்பு அந்த இரண்டாவது பயணத்தில்தான் இருக்கிறது.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கோப்பைக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒரு காவலர், எங்கே எப்போது இருக்கிறது என்று எவரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேடு, வென்ற வீரர் ஒவ்வொருவருக்கும் அவர் ஊரில் ஒரு நாள். இந்த மூன்றும் போதும். பாதுகாப்புக்கு அஞ்சினால் முதலில் மாமல்லபுரத்தில் தொடங்கலாம். கல்லைச் செதுக்கும் உளிச் சத்தம் இன்றும் ஓயாத ஊர் அது. வென்றவர் பெயர்களை ஒரு கற்பலகையில் வெட்டிப் பூஞ்சேரியில் நிறுத்த அங்கே கைகளுக்குப் பஞ்சமில்லை.

இந்திய செஸ் நிர்வாகமும் தமிழ்நாடு அரசும் செய்ய வேண்டியது இதுதான்: ஒலிம்பியாட் கோப்பை இந்தியாவின் கையில் இருக்கும் காலத்திலேயே அதை மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஒரு நாளாவது கொண்டு வாருங்கள். 2022-ல் தம்பியோடு படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் அந்தக் கோப்பையையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும்.