பாராமகால்: போருக்குப் பின் வந்த பட்டா

மைசூரும் கிழக்கிந்தியக் கம்பெனியும் 1767 முதல் 1799 வரை நான்கு முறை மோதின. அந்த 32 ஆண்டுகளில் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் இரு படைகளும் மாறி மாறி மிதித்த மண். கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டை, ஓசூர்க் கோட்டை ஆகியவற்றின் கதைகள் நமக்குத் தெரியும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கம்பெனிக்குப் போனது. ஓசூர், மைசூர் மன்னர் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் 1799இல்தான் போனது. வென்றவர்கள் இந்த மண்ணில் நடத்திய வரி நிர்வாகத்தைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

வென்ற மண்ணைப் படைத்தலைவர்களிடம் ஒப்படைப்பது புதிதல்ல. கி.மு. 404இல் ஏதென்ஸை வீழ்த்திய ஸ்பார்ட்டா, பல நகரங்களில் தன் படைத்தலைவர்களை அமர்த்திக் கப்பம் வாங்கியது. 33 ஆண்டுகளில் லியூக்ட்ரா போர்க்களத்தில் அதன் ஆதிக்கம் சரிந்தது. கம்பெனியும் பாராமகாலைப் படை அதிகாரிகளிடமே ஒப்படைத்தது: அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ, கிரஹாம், மக்லியோட். ஆனால் இவர்கள் நிலத்தை அளந்தார்கள், பயிரிடுபவர் பெயரை எழுதினார்கள், அவரிடமே தீர்வையை வாங்கினார்கள். ரயத்துவாரி என்ற இந்த முறை வேர்விட்டது இங்கேதான்.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடைத்தரகர் இல்லாமல் ஒரு சாதாரண உழவரின் பெயரும் அவருடைய புன்செயும் அரசுக் கணக்கில் நேராக ஏறின. மாற்று வழி எப்படியிருக்கும் என்பதையும் இந்த வட்டாரம் பார்த்துவிட்டது. 1802 முதல் கம்பெனி சேலம் ஜில்லாவை மிட்டாக்கள் எனும் சிறு ஜமீன்களாகப் பிரித்து விற்றது. தொகை கட்ட முடியாமல் பல மிட்டாதார்கள் நொடித்தார்கள். 1820இல் மன்றோ சென்னை ஆளுநரானபோது ரயத்துவாரி மீண்டும் தலையெடுத்தது.

குறை, தீர்வையின் அளவில் இருந்தது. மானாவாரி மண்ணில் மழை பொய்த்தாலும் பணமாகக் கட்ட வேண்டும். 1807இல் மன்றோவே, கடப்பை, பெல்லாரிப் பகுதிகளை மனத்தில் வைத்து, தீர்வையை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னார். மேலிடம் உடனே இசையவில்லை. ஜமீன்தார் இருந்த இடத்தில் அரசே உட்கார்ந்துகொண்டது. வரி வசூலில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க 1850களில் சென்னை அரசு ஒரு குழுவையே அமைக்க வேண்டியிருந்தது. கணக்கு எழுதிய கர்ணத்தையும் வசூலித்த மணியக்காரரையும் கட்டுப்படுத்த யாருமில்லை என்பதே என் கோபம்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. நிலமில்லாமல் அதே வயலில் கூலிக்கு உழைத்தவர் பெயர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் இந்தப் பகுதியில் நிலத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. நிலம் எடுக்கப்படும்போது இழப்பீடு முதலில் தேடிப்போவது அந்தக் கணக்கின் வழிவந்த பட்டாவில் உள்ள பெயரைத்தான். தலைமுறைகளாகக் களையெடுத்தவரும் ஆடு மேய்த்தவரும், நிலத்தோடு தமக்குள்ள தொடர்பை நிரூபிக்க எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? ஆண்டுதோறும் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி எனும் வருவாய்க் கணக்குத் தணிக்கை இன்றும் நடக்கிறது. அங்கும் மனுவோடு பட்டாவைக் கொண்டு வா என்றுதான் கேட்கிறார்கள்.