மணிமங்கலத்துப் பட்டியலில் இல்லாத வாரிசு

'பொன்னியின் செல்வன்' படங்கள் வந்ததிலிருந்து சோழரின் வாரிசு முறையை மெச்சிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அரசன் உயிரோடிருக்கும்போதே இளவரசுப் பட்டம் கட்டியதால் அரியணைச் சண்டை எழவில்லை என்கிறார்கள். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியே போனால் வரும் மணிமங்கலம் இராஜகோபாலப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளையே இதற்குச் சான்றாகவும் காட்டலாம்.

முறையால் பயன் இருந்தது. 1018இல் இளவரசுப் பட்டம் ஏற்ற இராஜாதிராஜன், தந்தை முதலாம் இராஜேந்திரனோடு கால் நூற்றாண்டு ஆட்சியைப் பகிர்ந்தான். 1054இல் சாளுக்கியருக்கு எதிரான கொப்பம் போரில் யானைமேல் அவன் மாண்டபோது தம்பி இரண்டாம் இராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிப் போரை வென்றான்.

அண்ணனுக்குப் பின் தம்பி, சரி. தம்பிக்குப் பின் யாருடைய பிள்ளை? இதற்கு அந்த முறையில் கடைசிவரை விடையில்லை. இராஜாதிராஜனின் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டார்கள். இரண்டாம் இராஜேந்திரன் தேர்ந்த மகன் இராஜமகேந்திரன் தந்தைக்கு முன்பே இறந்தான். மற்ற மகன்களைத் தாண்டி அரியணை இன்னொரு தம்பி வீரராஜேந்திரனுக்குப் போயிற்று. இதற்கு மாறாக, ஸ்காட்லாந்தில் 1152இல் இளவரசன் ஹென்றி இறந்ததும், அரசன் முதலாம் டேவிட் ஹென்றியின் மூத்த மகன் மால்கமை நாடெங்கும் அழைத்துப்போகச் செய்து வாரிசென அறிவித்தான். அடுத்த ஆண்டு, 12 வயதில், அச்சிறுவன் அரசனானான். அங்கே வரிசை ஊருக்கே தெரிந்தது. இங்கே அரசன் மனத்தில் மட்டும் இருந்தது.

மணிமங்கலத்தில் உள்ள இரண்டாம் இராஜேந்திரனின் கல்வெட்டு சிற்றப்பன், தம்பியர், மகன்கள், பேரர்கள் என எல்லோருக்கும் பட்டம் வழங்குகிறது: சோழ பாண்டியன், சோழ கங்கன், சோழ அயோத்திராசன். அயோத்தியைச் சோழர் ஆண்டதே இல்லை! ஆளுக்கொரு மகுடம் சூட்டிப் பங்காளிகளைச் சமாதானப்படுத்தியதை வாரிசு ஒழுங்கு என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொருவனுக்கும் ஆசையை வளர்த்ததே மிச்சம்.

விளைவு 1070இல் தெரிந்தது. முறைப்படி இளவரசுப் பட்டம் பெற்றிருந்த வீரராஜேந்திரனின் மகன் அதிராஜேந்திரனை அரியணையில் நிலைநிறுத்த, பரம்பரைப் பகைவரான சாளுக்கியரின் இளவரசன் விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வரவேண்டியிருந்தது. மைத்துனனான விக்கிரமாதித்தன் ஊர் திரும்பிய சில நாட்களிலேயே அதிராஜேந்திரன் கலகத்தில் கொல்லப்பட்டான் என்கிறார் விக்கிரமாதித்தனின் அவைக்கவி பில்ஹணர். சோழ மரபை நிறுவிய விசயாலயன் வழி ஆண் வாரிசின் ஆட்சி அத்தோடு முடிந்தது.

அடுத்து முடிசூடியவன் வேங்கி அரசகுலத்தில் பிறந்த குலோத்துங்கன், முதலாம் இராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியின் பிள்ளை. சோழ நாட்டை அரை நூற்றாண்டு ஆண்ட அவனுக்கு மணிமங்கலத்துப் பட்டியலில் இடமே இல்லை.