கார்பனா, அலுமினியமா என்று கேட்பதற்கு முன்

கனடாவின் வான்கூவர் நகருக்கு எதிர்க்கரையில் எழும் மலைகளை நார்த் ஷோர் என்பார்கள். சைப்ரஸ், ஃபிரோம், சீமோர் என மூன்று மலைகள். சரிவெங்கும் மழையில் ஊறிய மண், பின்னிக் கிடக்கும் வேர்கள், கால் வைத்தால் வழுக்கும் பாறைகள். டாட் ஃபியான்டர் போன்றவர்கள் அங்கே செடார் மரத்தைப் பிளந்து ஏணிபோன்ற பாலங்கள் கட்டி மிதிவண்டித் தடங்களை உருவாக்கினார்கள். 1990களில் அந்தப் பாலங்களின் முனையிலிருந்து ஆட்கள் குதிக்கத் தொடங்கியபோது, பந்தயத்துக்காக எடை குறைத்துச் செய்த ஃபிரேம்கள் தாங்கவில்லை. ராக்கி மவுண்டன், நார்கோ, கோவ் போன்ற அந்த வட்டார நிறுவனங்கள் பருத்த குழாய்களையும், மூட்டுகளில் கஸெட் தகடுகளையும் வைத்துப் புதிய ஃபிரேம்களைச் செய்ய வேண்டிவந்தது.

முரட்டுத் தடங்களுக்கு ஃபிரேம் தேடுபவர் இன்றும் முதலில் கேட்பது, கார்பனா, அலுமினியமா, எஃகா என்றுதான். இந்த வழக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எது நாள்பட உழைக்கும் என்ற கேள்வியை அது தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் முடிவு. விஷயம் பணத்தோடு முடிந்துவிடுவதில்லை; பாறைச் சரிவில் ஃபிரேம் இரண்டாக உடைந்தால் பல்லும் காறை எலும்பும் போகும்.

வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை முதலில் பார்ப்போம். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம்; டைட்டானியம் சுமார் 4.5, அலுமினியம் 2.7, ரெசினில் தோய்ந்த கார்பன் இழை சுமார் 1.6. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. எடைக்கு எடை விறைப்பைக் கணக்கிட்டால் மூன்று உலோகங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. பெரிய வேறுபாடு அயர்வில், அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையில் பொருள் தளர்வதில், இருக்கிறது. எஃகுக்கும் டைட்டானியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான தகைவு எத்தனை முறை வந்துபோனாலும் விரிசல் விழாது. அலுமினியத்துக்கு அப்படி எல்லை இல்லை. ஒவ்வொரு குலுக்கலும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். எஃகு ஃபிரேம் ஆயுளுக்கும் வரும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்தது.

அந்த நம்பிக்கையை அசைத்த சோதனை ஒன்று உண்டு. 1997-இல் ஜெர்மனியின் ‘டூர்’ இதழுக்காக எஃப்பே சோதனைக்கூடம், பெடல் மிதிக்கும் விசையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் இயந்திரத்தில் 12 சாலை மிதிவண்டி ஃபிரேம்களைப் பூட்டியது. கடைசிவரை விரிசல் இல்லாமல் நின்றவை மூன்று: கேனன்டேல், பிரின்சிபியா நிறுவனங்களின் அலுமினிய ஃபிரேம்கள் இரண்டு, டிரெக் நிறுவனத்தின் கார்பன் ஃபிரேம் ஒன்று. அயர்வு எல்லை உள்ளவை என்று போற்றப்படும் எஃகும் டைட்டானியமும் ஒன்றுகூடத் தேறவில்லை. சாலை வண்டிகளின் முடிவை மலைத்தடத்துக்கு அப்படியே ஏற்ற முடியாதுதான். ஆனாலும் காரணத்தைப் பாருங்கள். அலுமினியத்துக்கு எல்லை கிடையாது என்பது வடிவமைப்பாளருக்குத் தெரியும். அதனால் குழாயை அகலமாக்கித் தகைவைத் தாழ்வாக வைக்கிறார். எடை குறைக்க எஃகுக் குழாயைக் காகிதம்போல் இழைப்பவரோ அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். எல்லை இருப்பதால் மட்டும் பயனில்லை. வடிவம் அதற்குள் நின்றாக வேண்டும்.

எனவே முதலில் கேட்க வேண்டியது, இந்த ஃபிரேம் எங்கே உடையும் என்பது. முரட்டு ஓட்டத்தில் அதிகம் அடிபடுவது, ஃபோர்க்கைத் தாங்கும் ஹெட் டியூபுக்கு அடுத்துள்ள பகுதி. 160 மில்லிமீட்டர் அசைவுள்ள 29 அங்குல ஃபோர்க், அச்சிலிருந்து மேற்பகுதிவரை 55 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானது. அந்த நீளம் முழுவதும் நெம்புகோலாகி ஹெட் டியூபைத் திருகுகிறது. குதித்து இறங்கும்போது, ஹெட் டியூபிலிருந்து பெடலை நோக்கி இறங்கும் டவுன் டியூபின் அடிப்பக்கம் இழுபடுகிறது. பாறையில் முட்டும்போதும் முன் பிரேக்கை அழுத்தும்போதும் அதே இடம் அமுங்குகிறது. இழுப்பும் அமுக்கமும் மாறி மாறி வருவதுதான் பற்றவைப்பின் ஓரத்தைத் தின்னும். ஒரு காலத்தில் 71 பாகை அளவில் இருந்த ஹெட் டியூப் கோணம் இன்று 64, 65-க்குச் சாய்ந்துவிட்டது. செங்குத்தான இறக்கத்தில் அது தரும் நம்பிக்கை பெரிது. இறங்கும் அடி அந்த மூட்டில் ஏற்றும் வளைவும் பெரிது. மேலே 1⅛ அங்குலம், கீழே 1½ அங்குலம் என்று கூம்பிய ஸ்டியரர் (ஃபோர்க்கின் மேல்தண்டு) வந்தது உண்மையான முன்னேற்றம். அகன்ற ஹெட் டியூபில் பருத்த டவுன் டியூபை ஒட்ட இடம் கிடைத்தது. அந்தப் பலத்தை நம்பி, நிறுவனம் சொன்ன அளவைவிட நீண்ட ஃபோர்க்கை மாட்டுபவர்கள் உண்டு. எந்தப் பொருளில் செய்த ஃபிரேமானாலும், அதைக் கொல்ல இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

நிறுவனமே அறிவித்திருக்கும் பயன்பாட்டு வகை, பொருளைவிட நேர்மையான தகவல். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் வகைப்பாட்டைப் பின்பற்றும் நிறுவனங்கள் மூன்றாம் வகைக்கு 61 சென்டிமீட்டர், நான்காம் வகைக்கு 122 சென்டிமீட்டர் எனக் குதிக்கும் உயரத்துக்கு வரம்பு சொல்கின்றன. அதற்கு மேற்பட்ட முரட்டுத்தனம் ஐந்தாம் வகை. பளபளக்கும் கார்பன் ஃபிரேம் மூன்றாம் வகையாகவும், விலை குறைந்த அலுமினிய ஃபிரேம் ஐந்தாம் வகையாகவும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கலாம். இந்த எண் கையேட்டின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒளிந்திருப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

பொருளுக்கு உண்மையான மதிப்பு வேறோரிடத்தில் இருக்கிறது: உடைப்பு எப்படி வருகிறது, வந்தபின் என்ன செய்ய முடியும் என்பதில். எஃகு பெரும்பாலும் வளைந்தோ மெல்ல விரிசல் விட்டோ எச்சரிக்கும். கைதேர்ந்த ஃபிரேம் தச்சர் அந்தக் குழாயை மாற்றித் தரவும் முடியும். ஆனால் நார்த் ஷோர் போன்ற ஈரத்தில் அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். 6061 அலுமினியத்தைப் பற்றவைத்தபின் மறுபடியும் வெப்பப் பதமேற்ற வேண்டும். ஆகவே தெருமுனைப் பட்டறையில் போடும் ஒட்டு அதன் வலுவைத் திருப்பித் தராது. கார்பனைப் பற்றித்தான் தப்பெண்ணம் அதிகம். நன்றாக அடுக்கிய கார்பன் ஃபிரேம் மோதலில் அலுமினியத்தைவிட அதிகம் தாங்கும் என்பதைச் சான்டா குரூஸ் நிறுவனம் தன் சோதனைக்கூடத்தில் இரண்டையும் கான்கிரீட்டில் அடித்து உடைத்துக் காட்டியிருக்கிறது. தேர்ந்தவர் கையில் கார்பனைப் பழுதுபார்க்கவும் முடியும். அதன் ஆபத்து வேறு: கூரான கல் பட்ட இடத்தில் பெயின்ட் மட்டும் உரிந்ததுபோல் இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டி, சத்தம் மந்தமாகும் இடத்தைத் தேடும் பொறுமை உள்ளவருக்கே கார்பன் பொருந்தும்.

வாழ்நாள் உத்தரவாதத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சான்டா குரூஸ் முதல் உரிமையாளருக்கு ஃபிரேமோடு பெயரிங்குகளையும் ஆயுள் முழுக்க மாற்றித் தருகிறது. உடைந்தால் தன் கைக்காசு போகும் என்று தெரிந்த நிறுவனம் கவனமாகத்தான் செய்யும். ஆனால் உத்தரவாதம் பொதுவாக உற்பத்திக் குறைக்கே பொருந்தும். விழுந்து உடைத்தால் தள்ளுபடி விலையில் புதியது கிடைப்பதோடு சரி. முரட்டு ஓட்டத்தில் எது குறை, எது விபத்து என்ற வாதத்தில் ஓட்டியின் கை எப்போதும் தாழ்ந்தே இருக்கிறது.

வாங்கும்போது யாரும் குனிந்து பார்க்காத இடம் பின் சஸ்பென்ஷன் மூட்டு. ஃபிரேம் உடைவதற்கு நெடுநாள் முன்பே பெயரிங் ஆட்டம் காணும், போல்ட் தளரும்; தளர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டும்போது பெயரிங் உட்காரும் துளை தேயும். அதன்பிறகு ஃபிரேம் கதை முடிந்தது. ஜெர்மனியின் ராவ் நிறுவனம் தன் மடோனா ஃபிரேமில், எடை கூடினால் கூடட்டும் என்று அலுமினியத்தையும் பெரிய பெயரிங்குகளையும் தேர்ந்தெடுத்தது இதனால்தான். இங்கிலாந்தின் ஆரஞ்சு ஒற்றை மூட்டை விடாமல் பிடித்திருப்பதிலும் இதே நியாயம் இருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில், பிரேக் குழாயையும் கியர் கேபிளையும் ஹெட்செட் பெயரிங்குக்குள் நுழைத்துவிடும் புதுப் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரிங்கை மாற்ற பிரேக்கையே பிரிக்க வேண்டும் என்றால் ஆட்கள் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார்கள்.

உறுதிக்கும் விலை உண்டு. ஒரு கிலோ கூடுதல் எடையை ஒவ்வொரு ஏற்றத்திலும் கால்தான் சுமக்கிறது. மிகையாக விறைத்த ஃபிரேம், சாய்ந்த வேர்த் தரையில் சக்கரத்தைப் பிடித்து நிற்க விடாமல் துள்ளவைக்கும். இன்னொன்று, சந்தையின் அளவுகள் உலோகத்தைவிட வேகமாகக் கிழடாகின்றன. சக்கரம் 26 அங்குலத்திலிருந்து 27.5-க்கும் 29-க்கும் போனது. பின் ஹப் அகலம் 135 மில்லிமீட்டரிலிருந்து 142, பிறகு 148 ஆனது. விரிசலே இல்லாத பழைய ஃபிரேம்கள் பொருத்தமான நல்ல சக்கரம் கிடைக்காமல் ஓய்வு பெற்றன. 2019-இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த பொது டிரெய்லியர் ஹேங்கரை (பின் கியர்மாற்றியைத் தாங்கும் பகுதியை)ப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டது இந்த வகையில் நல்ல செய்தி. திருகு மரையுள்ள பாட்டம் பிராக்கெட்டையும் நான் தயங்காமல் கேட்பேன்.

அலுமினியம் இரண்டாம் தரம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2018-இலும் 2022-இலும் டவுன்ஹில் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை அமோரி பியரோன் வென்றது கொமன்சால் நிறுவனத்தின் அலுமினிய வண்டியில். பாறைத் தடத்தில் அடிக்கடி விழுந்து எழுபவருக்கும், உடல் எடை அதிகமுள்ளவருக்கும் நான்காம் அல்லது ஐந்தாம் வகை அலுமினியத்தைச் சொல்வேன். நீண்ட ஏற்றங்களும் இருக்கின்றன, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் வண்டியைக் கழுவித் துடைத்துப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது என்றால், அதே வகையில் கார்பனுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீணில்லை. பின் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்டெயிலில்தான் எஃகு தன் முழுக் குணத்தையும் காட்டுகிறது. பெயரிங்கும் லிங்கும் இல்லாததால் ஓட்டிக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியது பற்றவைப்பு ஓரங்களும் துருவும் மட்டுமே.