கதை நீங்கிய உடல்: சந்திரலேகாவின் நடன ஆக்கங்கள்

பரதநாட்டியத்தை மூலப்பொருளாகக் கொண்டே அதன் வழமையான அளிக்கை முறையைக் கைவிட்ட நடன ஆக்குநர்களுள் சந்திரலேகா (1928–2006) முதன்மையானவர். மகாராஷ்டிரத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் மரபுவழிப் பயிற்சி பெற்ற அவரது ஆக்கங்கள் பரதம், களரி, யோகம் ஆகியவற்றின் கலவை என்றே பெரும்பாலும் விவரிக்கப்படுகின்றன; அது பிழையன்று எனினும், அவர் சேர்த்தவற்றைவிட நீக்கியவையே அதிகம் என்பதை அவ்விவரிப்பு மறைத்துவிடுகிறது.

1952இல் இராயலசீமை வறட்சி நிவாரணத்துக்காக நிகழ்ந்த அவரது அரங்கேற்றத்தில், யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயித்துக்கொண்டிருந்தபோதே நீரின்றி வெடித்த நிலத்தின் நினைவு அவரைத் தடுமாறச் செய்தது. ‘தேவதாசி’ (1960) என்னும் ஆக்கத்தின் பின்னர் எழுத்து, சுவரொட்டி வடிவமைப்பு, பெண்கள் இயக்கம் எனப் பல துறைகளில் இயங்கிய அவர், 1984இல் பம்பாயில் நடைபெற்ற கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பின் வழியாகவே ஆற்றுகை உலகுக்கு முழுமையாக மீண்டார்.

அடுத்த ஆண்டு உருவான ‘அங்கிகா’, நாயகனுக்காக ஏங்கும் நாயகியையும் புராணக் கதையையும் கனத்த அணிகலன்களையும் விலக்கிவிட்டு, கை, கால், உடல்நிலை ஆகியவை தாளத்துடன் இணையும் அடிப்படை அலகான அடவையும், முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டியையும், கேரளத்தின் போர்க்கலையான களரிப்பயிற்றின் அசைவுகளோடு அருகருகே நிறுத்தியது. பாஸ்கராச்சாரியரின் 12ஆம் நூற்றாண்டுக் கணித நூலைத் தழுவிய ‘லீலாவதி’ (1989) எண்புதிர்களையே ஆடுபொருளாக்கியது. கதையின்றியும் நடனம் சிந்திக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அரிது.

‘ஸ்ரீ’ என்னும் ஆக்கத்தில் முதுகெலும்பு வளைந்த பெண்களின் நடை, ஒடுக்குமுறையை முகபாவமின்றி உடலின் கட்டமைப்பாலேயே காட்டியது. இறுதி ஆக்கமான ‘சரீர’ (2001) இன்னும் துணிவானது: வடஇந்தியாவின் பழமையான, நிதானமாக விரியும் துருபத் இசையைக் குந்தேச்சா சகோதரர்கள் பாட, திஷானி தோஷியும் ஷாஜி ஜானும் நிகழ்த்திய அவ்வாற்றுகையில், ஒரு கால் உயர்வதற்கே நீண்ட நேரம் செல்கிறது. விரைவான சொற்கட்டுகளால் கைதட்டல் பெறும் வழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு எழுந்ததில்லை எனலாம்.

இருப்பினும், பரதமும் களரியும் யோகமும் பொதுவான ஓர் ஊற்றிலிருந்து பிறந்தவை என்ற அவரது நம்பிக்கைக்கு வரலாற்று ஆதாரம் வலுவானதன்று. மேலும், இசைவேளாளர் மரபில் வந்த பரதக் கலைஞர் பாலசரஸ்வதி நடனத்தின் உயிராகக் கருதிய காதற்சுவையான சிருங்காரத்தைச் சந்திரலேகா பாடலினின்றும் அபிநயத்தினின்றும் பிரித்து உடலின் ஆற்றலாக மாற்றியபோது, அம்மரபின் சொல்வளம் இழக்கப்பட்டது என்பதும் ஒப்புக்கொள்ளப்பட வேண்டியதே.

சந்திரலேகாவின் அணுகுமுறை இலங்கையின் வடக்கிலும் சிந்திக்கத்தக்கது. முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவி உள்ளிட்ட வன்னிப் பகுதியில் பரதம் பெரும்பாலும் பாடசாலைப் பாடமாகவும் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குரிய பயிற்சியாகவுமே மாணவரை அடைகிறது. மரபுக் கூத்தான கோவலன் கூத்தின் ஆட்டங்களோ அதே மாவட்டத்தில் இருந்தும் அப்பயிற்சியோடு அரிதாகவே உரையாடுகின்றன. இங்கு களரியை இரவல் வாங்குவது சந்திரலேகாவைப் பின்பற்றுவதாகாது. ஆடை அணிகலனோ கதையோ இன்றி ஓர் அடவையும் ஒரு கூத்தாட்டத்தையும் அருகருகே ஆடவைத்து, அவற்றுள் எது தானாக நிற்கிறது என மாணவருடன் சேர்ந்து ஆராய இப்பகுதியின் நடன ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.