மொட்டை மாடியும் கல் பதித்த முற்றமும்

யாழ்ப்பாணத்தில் கிளுவை வேலி போய் மதில் வந்தது. மண் முற்றத்தில் இன்டர்லொக் கல் பதித்தார்கள். சென்னையில் முற்றமே போய் மொட்டை மாடிதான் மிஞ்சியது. வரக்கூடிய விருந்தாளிகள் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே: ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, கொசுத்தேனீ. அழைக்கும் விதம்தான் வேறு.

சென்னைக்காரருக்கு முதலில் தோன்றுவது தீனி. காக்கைக்குச் சோறு வைத்த கை, கைப்பிடிச் சுவரில் அரிசியும் கம்பும் இறைக்கிறது. பெரும்பாலும் மாடப்புறாதான் வந்து குவிகிறது. இலங்கையில், குறிப்பாகச் சிங்கள வீடுகளில், துளையிட்ட சிறு மண்முட்டியைத் தாழ்வாரத்தில் கட்டிவிடும் பழக்கம் உண்டு. அதில் சிட்டுக்குருவி குடியேறினால் வீட்டுக்கு நல்லதாம். என் ஓட்டு முட்டிக்குத்தான். தீனி எங்கும் கிடைக்கும். கான்கிரீட் வீட்டில் கூடு கட்ட இடுக்கு கிடைப்பதில்லை.

தண்ணீர் வைப்பதில் இலங்கையர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. 2007இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, வளவுக்குள் புழு நெளியும் சட்டி இருந்தால் வழக்கு வரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) படலையைத் தட்டும்போது, அது குருவிக்கு வைத்தது என்றால் எடுபடாது. சென்னையிலும் மாநகராட்சி ஆட்கள் மாடியேறிப் பார்க்கிறார்கள். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. டெங்குக் கொசுவின் முட்டை சட்டியின் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தேனீ மூழ்காமலிருக்க நடுவில் ஒரு கூழாங்கல்.

பூவில் யாழ்ப்பாணத்துக்கே வசதி. எவ்வளவு கல் பதித்தாலும் கிணற்றடி வாழையை யாரும் பிடுங்குவதில்லை. குளித்த தண்ணீரிலேயே அது வளர்ந்துவிடும், தேன்சிட்டும் வாழைப்பூவைத் தேடி வந்துவிடும். மாடியில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பைகள்தான்; அவற்றில் வாழை நிற்காது. ஆனால் மாடிக்காரருக்குத் தேனீ அழகுக்காக அல்ல. பாகலும் பூசணியும் காய்க்க அது வந்தே ஆக வேண்டும். வராத வீடுகளில் தூரிகையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். தேனீயை வரவழைக்க மலிவான வழி துளசி. இலைக்காகக் கதிரைக் கிள்ளும் பழக்கம் இரு கரையிலும் உண்டு. ஒன்றிரண்டு தொட்டியையாவது கிள்ளாமல் விட்டால் தேனீ தானே தேடி வரும். செம்பருத்தியிலும் ஒற்றை அடுக்கே மேல். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் இதழாகிப் போயிருக்கும்.

உலகின் தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல், தனித்தனியே மண்ணில் வளை தோண்டுபவை. ஆகவே முற்றத்துக் கற்களின் இடுக்கைச் சிமெந்து பூசி அடைக்காமல், ஓர் ஓரத்தையேனும் வெறும் மண்ணாக விட்டுவைக்கலாம். மாடியில் அதற்கு வழியில்லை. அங்கே கொசுத்தேனீ சுவர் ஓட்டைக்குள் குடியிருக்கும். வாசலில் மெழுகுக் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டாது. வெள்ளையடிக்க ஆள் வரும்போது, அந்த ஓட்டையை மட்டும் பூச வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.