ஜோடி சேராத காலணி

மாகறலில் என் எதிர்வீட்டுக்காரர் நெசவாளர். அவர் மகள் பள்ளிக்கூடப் பந்தயங்களில் ஓடுகிறவள். 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில், அவர்கள் வீட்டுத் தறிக்கு மேலே கோமதி மாரிமுத்துவின் படத்தை ஒட்டியவன் நான்தான். திருச்சி அருகே முடிகண்டத்துப் பெண்ணான கோமதி, தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்ற சமயம் அது.

அடுத்த ஆண்டு ஜூனில் நெசவாளர் அந்தப் படத்தைக் கிழித்தார். பரிசோதனையில் நண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து தெரிந்து, நான்காண்டுத் தடை வந்தது, தங்கமும் போயிற்று. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று கோமதி மறுத்தார். "இனிமே எதை நம்பிண்ணே பொண்ணை ஓட அனுப்பறது?" என்று நெசவாளர் என்னைக் கேட்டார்.

பதில் தேடி, சேர்த்து வைத்திருந்த பழைய கட்டுரைகளை மறுபடி படித்தேன். எல்லாம் ஒரே கதை: வறுமை, தந்தையின் மறைவு, ஜோடி சேராத காலணி. அது தமக்கு ராசியான காலணி என்று கோமதியே சொல்லியிருந்தார். கதைக்கு ஒத்துவராததால் அது என் காதில் ஏறவில்லை. பாத்திரத்தை நாலு முறை அழவைத்தால் வாசகர் அவளை முழுக்க நம்பிவிடுவார் என்பது கதை எழுதுகிற எனக்குத் தெரிந்த வித்தை. அந்த வித்தைக்கு நானே பலியானேன்.

உலகமும் இப்படித்தான் பலியாயிற்று. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டு, 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வென்றார். 2000-இல் வந்த அவருடைய சுயசரிதையைப் படித்து உருகாதவர் குறைவு. 2012-இல் ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். நோய் பொய்யல்ல; வெற்றிதான் பொய். பட்ட துன்பம் பெற்ற வெற்றிக்குச் சான்றாகாது. ரசிகர்களாகிய நாம் செய்த பிழை, துன்பத்தையே சான்றாக எடுத்துக்கொண்டதுதான்.

ஆகவே நெசவாளருக்கு அவர் தொழிலையே எடுத்துச் சொன்னேன். சரிகை வாங்கும்போது அவர் வியாபாரியின் குடும்பக் கஷ்டத்தை விசாரிப்பதில்லை. நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்க்கிறார். போலி அகப்பட்டால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புகிறார். அதற்காகத் தறியை நிறுத்துவதில்லை.

இன்னொன்றும் சொன்னேன். தோஹாவில் இரண்டாவதாக ஓடி வந்த சீனப் பெண் வாங் சுன்யுவுக்கு அந்தத் தங்கம் பிறகு சேர்ந்தது. வென்ற அன்று மேடையில் உச்சியில் நிற்கும் பாக்கியம் அவருக்கு இல்லை. ஏமாந்தோம் ஏமாந்தோம் என்று புலம்பிய நாங்கள் இருவரும் அவரை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடிகாலையில் அவர் மகள் செய்யாற்றங்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.