விதிமீறலைக் கண்டவர் வாய்திறக்க வேண்டுமா?

கோல்ஃப் மைதானத்தில் ஒவ்வொரு குழுவுடனும் நடுவர் ஒருவர் நடந்து செல்வது அரிது என்பதால், செய்த பிழையைத் தாமே அறிவித்து அதற்குரிய தண்டனை அடியைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பை விதிநூல் ஆட்டக்காரரிடமே ஒப்படைத்திருக்கிறது. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனில், பந்து அசைந்துவிட்டதாகத் தாமே கூறித் தண்டனை அடியை ஏற்ற பாபி ஜோன்ஸ், சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் பட்டத்தை இழந்தார். அந்த நேர்மையை இன்றும் போற்றும் கோல்ஃப் உலகில், பிறர் பிழையைச் சுட்டிக்காட்டுவது மட்டும் காட்டிக்கொடுப்பதாகவே பலருக்குப் படுகிறது.

அந்த எண்ணம் தவறானது. இருவர் நேருக்கு நேர் மோதி, குழிக்குக் குழி வெற்றி தோல்வியைக் கணக்கிடும் ‘மேட்ச் பிளே’ முறையில், எதிராளியின் மீறலால் பாதிக்கப்படுபவர் ஒருவரே என்பதால், இருவரும் கூடிப் பேசி விதியைப் புறக்கணிக்காத வரை, அவர் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம். மொத்த அடிகளைக் கூட்டிப் பார்க்கும் ‘ஸ்ட்ரோக் பிளே’ முறையிலோ, அந்த இடத்தில் இல்லாத அத்தனை போட்டியாளர்களும் பாதிக்கப்படுகிறார்கள். கண்டவர் காட்டும் பெருந்தன்மை அவர்களுடைய பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவதாகும். இதனால்தான் விதி 20.1, மீறல் நடந்ததாக நம்புபவர் அதை உரிய ஆட்டக்காரரிடமோ, அவருடைய அடிகளைக் குறித்துக் கையொப்பமிடும் ‘மார்க்கரிடமோ’, நடுவரிடமோ, போட்டிக் குழுவிடமோ, ஸ்கோர்கார்டு ஒப்படைக்கப்படுவதற்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவர் தெரிவிக்கத் தவறியதைக் கடும் ஒழுங்கீனம் எனக் குழு கருதினால், அவரையே தகுதிநீக்கம் செய்யவும் முடியும்.

எப்போது, யாரிடம் பேசுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு குவிக்கன் லோன்ஸ் நேஷனல் போட்டியின் இறுதிச் சுற்றில், தென்கொரியாவின் சங் காங் அடித்த பந்து பத்தாவது குழியில் தடைப்பகுதிக்குள் சென்றபோது, அது கடைசியாக எல்லையைக் கடந்த இடம் குறித்து உடன் ஆடிய ஜோயல் டாமென் மறுப்புத் தெரிவித்தார். அந்த இடத்தைப் பொறுத்தே புதிய பந்தை எங்கே போடலாம் என்பது முடிவாகும். நடுவர் பலரையும் விசாரித்தும் எதிரான தெளிவான சான்று கிடைக்காததால் காங்கின் கூற்றே ஏற்கப்பட்டது; அவருடைய ஸ்கோர்கார்டில் டாமெனும் கையொப்பமிட்டார். அதன் பிறகு, காங் ஏமாற்றினார் என்று ட்விட்டரில் டாமென் எழுதினார். களத்தில் அவர் எழுப்பிய மறுப்பு முற்றிலும் சரியானது. பின்னர் எழுதியதோ நியாயமற்றது, ஏனெனில் விதிமீறல் ஒரு செயல், ஏமாற்றுதல் ஒரு நோக்கம், தீர்ப்புக்குப் பின் நோக்கத்தைக் குற்றஞ்சாட்ட அவரிடம் புதிய சான்று ஏதுமில்லை.

பந்து எல்லையைக் கடந்த இடத்தை மதிப்பிடுவதில் ஆட்டக்காரர் நியாயமான முயற்சி எடுத்திருந்தால், காணொளி பின்னர் வேறுவிதமாகக் காட்டினாலும் அவருடைய மதிப்பீடு செல்லும் என்பது இன்றைய விதி. ஆகவே உடன் இருப்பவரின் கண்கள் பந்து போடப்படுவதற்கு முன்பே பயன்பட வேண்டும். தாமதமாகப் பேசுவது பெரும்பாலும் பயனற்றதாகிவிடுகிறது.

வெளியாரின் கண்களை நம்பும் வழியும் அடைபட்டுவிட்டது. 2017ஆம் ஆண்டு ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியில், லெக்ஸி தாம்ஸன் பந்தைச் சற்றே இடம் மாற்றி வைத்ததைத் தொலைக்காட்சி ரசிகர் ஒருவர் மின்னஞ்சலில் தெரிவிக்க, மறுநாள் ஆட்டத்தின் நடுவே அவருக்கு நான்கு தண்டனை அடிகள் விதிக்கப்பட்டன. பட்டம் தென்கொரியாவின் ரியூ சோ-யோனிடம் போனது. அந்த அநீதியான தாமதம் எழுப்பிய எதிர்ப்பைத் தொடர்ந்து, 2018 முதல் ரசிகர்களின் புகார்களைப் பரிசீலிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது.

தொலைக்காட்சிக் கேமராவும் நடுவரும் இல்லாத கிளப் போட்டிகளில் மார்க்கரின் கண்களைத் தவிர வேறு காவல் இல்லை. போட்டி தொடங்கும் முன்பே விதி 20.1-ஐ உறுப்பினர்களுக்கு எடுத்துரைத்து, சந்தேகம் எழுப்புவது அவமதிப்பாகாது என்பதைத் தெளிவுபடுத்துவது கிளப் குழுக்கள் உடனே செய்ய வேண்டிய வேலை.